வடித்த காதைத் தைத்துவிட்ட செயலி

பழைய போட்டோவைச் சரிசெய்யும் செயலிக்கு ஆண்டுச் சந்தா இப்போது பாதி விலையாம். "நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே அண்ணே, வாங்கலாமா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். அவனுக்கு எழுதியதையே இங்கேயும் போடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பூஞ்சைப் புள்ளி, மடிப்புக் கோடு, பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உரிந்துவந்த இடம், எல்லாவற்றையும் பிரமாதமாக நிரப்புகிறது. எங்கள் ஆச்சி வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவில் ஜமுக்காளத்தின் கோடுகள் பாதியில் அழிந்து கிடந்தன, அவற்றைப் பிசிறில்லாமல் சேர்த்துவிட்டது. கையால் செய்தால் ஒரு சாயங்காலமே போயிருக்கும்.

ஆனால் முகம்! பின் வரிசையில் நிற்கிறவர்களின் முகம் மிளகு அளவுதான் இருக்கும். அதில் இல்லாத விவரத்தைச் செயலி எங்கிருந்து மீட்கும்? வேறு ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துக் கற்றதை வைத்துப் புதிதாக ஒரு முகத்தைச் செய்து ஒட்டுகிறது. அந்த வரிசையில் அக்கா தங்கை இரண்டு பேர், அச்சு அசல் ஒரே சாயல். பெரியவருக்குத் துளையைப் பெரிதாக்கி, நீள வடித்த காது, தோள் வரை தொங்கும் பாம்படம். சின்னவர் அப்படித் தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர். யார் யார் என்று எங்களுக்குச் சொல்ல இருந்த ஒரே அடையாளம் அதுதான். செயலி பாம்படத்தை நிழலாக்கி, காதையும் 'ஒழுங்காக்கி', இரண்டு பேரையும் எங்கள் வம்சத்திலேயே இல்லாத யாரோ இரண்டு பெண்களாக மாற்றிவிட்டது. இந்த முகத் திருத்தத்தை அணைத்து வைத்தாலும், ஒவ்வொரு அப்டேட்டுக்கு அப்புறமும் தானாகவே உயிர் பெற்றுவிடுகிறது. இத்தனை நாளில் எனக்குத் தீராத எரிச்சல் இது.

இதற்கு நடுவே எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று, அதுவும் கிம்ப் என்கிற காசில்லாத படத்திருத்த மென்பொருளில். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள். கிம்ப்பில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாக, அதாவது நிறத்துக்கு ஒரு தனிப் படமாகப் பிரித்தால், பழுப்புக் கறை நீலத்தில் கன்னங்கரேல் என்று தெரியும், சிவப்பில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். மஞ்சளித்த கறை நீல ஒளியைத்தான் விழுங்குகிறது, சிவப்பை விட்டுவிடுகிறது. அந்தச் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், ஒரு முகத்தையும் தொடாமலே படம் தெளிந்துவிடும். பெயர்களை டிஜிகாம் என்கிற போட்டோ அடுக்கும் மென்பொருளில் முகத்துக்கு முகம் குறித்தால், கோப்புக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

செயலியின் வேலைக்குப் பத்துக்கு எட்டு தாராளமாகத் தருவேன். ஆனாலும் வாங்காதே தம்பி, பாதி விலைக்கும் வேண்டாம். துபாயில் இருக்கும் மதினி ஆசையாக அந்தத் திருத்திய படத்தை வம்சாவளிப் பக்கத்தில் ஏற்றிவிட்டார், அதைச் சொந்தக்காரர்கள் நாலு பேர் எடுத்துத் தங்கள் வம்ச மரத்திலும் போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் மூலப்படத்தை அனுப்பி, மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் மாற்றிவிட்டார்கள். மற்ற இருவரும், "இதுதானே தெளிவாக இருக்கிறது" என்கிறார்கள்.