ஹோவர்கிராஃப்டா, மலை ரயிலா? ஏக்கத்துக்கு எது, ஏறிப் போக எது?

நீலகிரி மலை ரயிலையும் ஹோவர்கிராஃப்டையும் ஒரே தட்டில் வைப்பது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மூச்சிரைக்க ஏறுகிறது. இன்னொன்று அடியில் ஊதிய காற்றின்மேல் மிதந்து, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் பறக்காத குறையாக ஓடி, 2000 அக்டோபர் 1-ஆம் தேதி நின்றுபோனது. ஆனால் பழைய வண்டிகள்மேல் பித்துப் பிடித்தவர்கள் இரண்டைப் பற்றியும் ஒரே மாதிரிதான் பெருமூச்சு விடுகிறார்கள். நான் குன்னூர்க்காரன், தினமும் விசில் கேட்டு வளர்ந்தவன். அதனால் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

முதலில் இயந்திரம். இரண்டுமே வண்டிக்கும் தரைக்கும் உள்ள உறவில் எழுந்த சிக்கலுக்குப் பிறந்தவை. விடைதான் நேர் எதிர். படகின் அடியைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் ஒரு வேகத்துக்குமேல் அது விடாது. தண்ணீரைத் தொடாமலே போனால் என்ன என்று யோசித்தவர் கிறிஸ்டோபர் காக்கரெல். 1950-களில் பூனைத் தீனி டப்பா ஒன்றைக் காபி டப்பாவுக்குள் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே உள்ள வளையம் போன்ற இடைவெளியில் காற்றை ஊதி, சமையலறைத் தராசில் அழுத்தத்தை அளந்து பார்த்தார். விளிம்பைச் சுற்றி ஊதினால் தூக்கும் விசை கூடுதலாகக் கிடைக்கிறது என்று தெரிந்தது. அதிலிருந்து வந்த எஸ்.ஆர்.என்.1 என்ற வண்டி 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. பிரெஞ்சு விமானி ப்ளெரியோ விமானத்தில் அதே கால்வாயைக் கடந்து அன்றைக்குச் சரியாக 50 ஆண்டு.

மலை ரயிலுக்கு இருந்த சிக்கல் வேறு: பிடி போதவில்லை. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓரடி. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அதில் வழுக்கும். அதனால் கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைப் பட்டைகள் ஓடுகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடாது. சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. இந்த வழியில் ஓடும் எக்ஸ் வகை இன்ஜின்களில் சாதாரணச் சக்கரத்துக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பல்சக்கரத்துக்கு இன்னொரு ஜோடி. ஏற்றத்தில் அதன் சத்தமே மாறிவிடும். இங்கே உள்ளவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டே ரயில் எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும்.

எதையும் தொடாத வண்டிக்கு மலை ஆகாது. சரிவில் நிறுத்தினால் சரிந்துகொண்டே போகும், வளைவில் திருப்பினால் பக்கவாட்டில் வழுக்கும். எங்கள் ரயில் பாதையில் 208 வளைவுகள். பஸ் போகும் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் வேறு. அதனால் யாரும் ஹோவர்கிராஃப்டை மலைக்குக் கொண்டுவரப் போவதில்லை. ஊட்டி ஏரியில் ஒன்று விட்டால் என்ன என்று அவ்வப்போது ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது போடும் இரைச்சலைக் கேட்டிருந்தால் ஆசைப்பட மாட்டார்கள்.

வேகத்தில் போட்டியே இல்லை. 1968-இல் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கிய எஸ்.ஆர்.என்.4 என்ற ஹோவர்கிராஃப்ட் முதலில் 254 பேரையும் 30 கார்களையும் ஏற்றியது. பிறகு நடுவில் வெட்டி நீளமாக்கி, 400 பேருக்குமேல் ஏற்றினார்கள். கப்பல் ஒன்றரை மணி நேரம் எடுத்த தூரத்தை அது அரைமணி சொச்சத்தில் முடித்தது. 1995-இல் ஒருமுறை 22 நிமிடத்தில் கடந்தது சாதனை. மலை ரயிலோ 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் குறைவு. பஸ்ஸில் வந்தால் இரண்டு மணி நேரம்.

கேத்தியில் கேரட் போடும் என் சித்தப்பா இந்த ரயிலில் ஏறியே பல வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால், "அரை நாளை ரயிலுக்குக் குடுத்துட்டு மண்டிக்கு எப்போடா போறது?" என்பார். அவருக்கு மேட்டுப்பாளையம் மண்டி விலைதான் முக்கியம். அவர் கணக்கு சரி. வேலையாகப் போகிறவர்களுக்கு பஸ்தான், அதில் பேச்சே கிடையாது.

சொகுசு என்று பார்த்தால் இரண்டுமே தேறாது. ஹோவர்கிராஃப்டில் நான்கு கேஸ் டர்பைன், மேலே ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கான நான்கு காற்றாடிகள். பக்கத்து ஸீட்டில் பேசினால் கத்த வேண்டும். கடல் கொஞ்சம் புரண்டால் குலுக்கி எடுத்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது கிளப்பும் சாரல் கண்ணாடியை மூடிக்கொள்ளும். கடலின்மேல் போகிறீர்கள், கடல் தெரியாது. அதை மறைக்கவோ என்னவோ, விமானத்தைப் போலவே பணிப்பெண்கள், வரியில்லாத சாராயம், 'ஃபிளைட்' என்ற பெயர் எல்லாம் வைத்திருந்தார்கள்.

அப்படியும் ஜனங்கள் எதற்கு ஏங்குகிறார்கள்? கரை சேரும் அந்தக் காட்சிக்கு என்றுதான் நினைக்கிறேன். பழைய படச்சுருள்களில் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் ஒரு வெள்ளைப் புகைமூட்டம், அதற்குள்ளிருந்து ஒரு கட்டடம் அளவு வண்டி. துறைமுகத்தில் வேகம் தணித்து ஒதுங்குவதெல்லாம் இல்லை, தண்ணீரிலிருந்து அப்படியே கான்கிரீட் தளத்தில் ஏறிவிடும். ஏறியதும் காற்றாடிகள் அடங்கும், அடியில் காற்றைப் பிடித்து வைக்க சுற்றிலும் உப்பியிருந்த ரப்பர் ஸ்கர்ட் தளரும், மொத்த வண்டியும் தரையில் மெதுவாக உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

மலை ரயிலில் மரப்பலகையைவிட ஒரு சுற்று மேலான இருக்கை, அடுத்தவர் முழங்காலில் இடிக்கும் முழங்கால். ஆனால் ஜன்னல் திறந்திருக்கும். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்கு எதிரே எதுவும் இல்லை, பாதையும் பள்ளமும் மட்டும். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் பிரேக்ஸ்மேன் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நிற்பார். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது குரங்குகள் ஜன்னல் ஜன்னலாக விசாரணைக்கு வரும். பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்திருப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கே பழனியையும் ஒரு வார்த்தை சொல்லலாம். முருகன் மலைக்கு 1966 முதல் வின்ச் ஓடுகிறது, 2004-இல் ரோப் கார் வந்தது. ரோப் கார் சில நிமிடத்தில் மேலே விட்டுவிடும், பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். அதைப் பற்றி யாராவது உருகிப் பேசி நான் கேட்டதில்லை. வின்ச்சைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சரி, ஒன்று ஏன் செத்தது, ஒன்று ஏன் இருக்கிறது? டோவரில் ஹோவர்கிராஃப்ட் விற்றது வேகத்தை மட்டும்தான். 1994-இல் கடலுக்கடியில் சுரங்க ரயில் வந்ததும் காரோடு 35 நிமிடத்தில், குலுக்கல் இல்லாமல், பிரான்ஸ் போகலாம் என்றானது. 1999-இல் வரியில்லாச் சரக்கு விற்பனையும் போனது. எரிபொருளோ குடம் குடமாகக் குடிக்கும், ஸ்கர்ட்டோ தேய்ந்துகொண்டே இருக்கும். அதற்குமேல் யார் தாங்குவார்கள்?

ஆனால் ஹோவர்கிராஃப்ட் அடியோடு அழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் ஊரின் சவுத்சீயிலிருந்து வைட் தீவின் ரைடு ஊருக்கு 1965 முதல் இன்றுவரை ஓடுகிறது, பத்து நிமிடப் பயணம். ரைடில் கடல் வற்றினால் வெகுதூரத்துக்கு மணல்தான். படகு ஒதுங்க அரை மைல் நீளப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. ஹோவர்கிராஃப்ட் மணல்மேலேயே ஏறி வந்துவிடுகிறது. நம் மண்டபத்தில் கடலோரக் காவல் படை அதை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலுக்கும் மணல் திட்டுகளுக்கும் வேறு வண்டி லாயக்குப்படாது. தரை கேட்கிற இடத்தில் அது பிழைத்துக்கொண்டது.

அந்த அளவுகோலில் பார்த்தால் மலை ரயில் டோவர் வகைதான், ரைடு வகை இல்லை. பஸ் வந்த நாளிலேயே அதன் தேவை தீர்ந்துவிட்டது. 2005-இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்ததும் உதவியது. ஆனாலும் காப்பாற்றியது அந்தத் திறந்த ஜன்னல் என்பதுதான் என் கட்சி. ஐந்து மணி நேரமும் வெளியே பார்க்க ஏதாவது இருக்கிறது. ஹோவர்கிராஃப்ட் கண்ணாடிக்கு வெளியே நுரை மட்டும் இருந்தது.

ஓடாத வண்டியைக் காதலிப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. அதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்ற கோபம் வராது. இங்கே சீசனில் உள்ளூர்க்காரனுக்கு ரயிலில் இடமில்லை, ரோட்டில் வழியில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து கல்லாறு-குன்னூர் பாதை ரத்து என்று திடீரென்று அறிவிப்பார்கள். அத்தனை எரிச்சலுக்குப் பிறகும் விசில் கேட்டால் வாசலுக்கு வருகிறோம் என்றால், மலை ரயில்தான் ஜெயித்தது என்பேன். ஹோவர்கிராஃப்ட் ஆசைக்கு, போர்ட்ஸ்மவுத் பக்கம் போனால் அந்தப் பத்து நிமிடம் போதும்.

இங்கே வருகிறவர்கள் ஏறும்போது மட்டும் ரயிலில் வாருங்கள், முன்பதிவு செய்துகொண்டு. பாதை ரத்தானால் குன்னூர்-ஊட்டி துண்டாவது பெரும்பாலும் ஓடும். அதில் டீசல் இன்ஜின், நீராவி வாசனை இருக்காது, ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு இருக்கும். இறங்குவதற்கு பஸ்ஸே போதும். கோத்தகிரி வழி பஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, கூட்டம் குறைவு.