அப்பாவின் இ.சி.எச்.எஸ். கார்டும் அம்மாவின் நோட்டும்

முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்த அப்பா 1996-க்கு முன்பே ஓய்வு பெற்றவர் என்பதால் சந்தா இல்லாமலே கார்டு கிடைத்தது. ரொம்ப காலம் அது பி.பி. மாத்திரைக்கும் கண் சோதனைக்கும்தான் பயன்பட்டது. பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தக் கார்டு எவ்வளவு தூரம் வரும், எந்த இடத்தில் நம்மை விட்டுவிடும் என்பது புரிந்தது. வடசென்னையில் திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பண விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. பாலிகிளினிக் என்கிற இ.சி.எச்.எஸ். மருத்துவ மையத்தில் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குப் போனால் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. பக்கவாதம் வந்த இரவு வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். பக்கத்தில் இருந்த மருத்துவமனையிலேயே சேர்த்தோம். அது பட்டியலில் இல்லை. இப்படி அவசரத்தில் வெளியே சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பிறகு பில்லைக் கொடுத்தால் திட்டத்தின் கட்டண அளவுக்குத் திரும்ப வரும், முழுத் தொகையும் வராது. அண்ணன் மறுநாள் காலையே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரிஜினல் பில் ஒன்றையும் தொலைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அப்பாவுக்கு நடக்கும் வைத்தியத்தில் பெரும்பகுதி வீட்டில் நடக்கிறது, அதைச் செய்வது அம்மா. ஆனால் முதல் மருத்துவமனையில் அம்மாவிடம் யாரும் எதுவும் பேசவில்லை. மூக்கில் டியூப், கீழே யூரின் பேக், கையில் ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுத்த நிலையிலேயே கஞ்சி போனது, புரை ஏறியது, காய்ச்சல் வந்தது. நிமோனியா என்று மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. டியூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாவது இடத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே அம்மாவைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, தான் ஒருமுறை செய்து காட்டினார். அப்புறம், "இப்ப நீங்க செய்யுங்கம்மா, நான் பாக்கறேன்" என்றார். டியூப் இடத்தில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, மெதுவாக விடுவது, முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுவது, அரை மணி நேரமாவது சாய்த்து உட்கார வைப்பது. யூரின் பேக்கை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போது முதுகையும் குதிகாலையும் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. அம்மா தப்பில்லாமல் செய்கிற வரைக்கும் அவர் விடவில்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை. மாத்திரையைவிட அந்தப் பாடம்தான் அப்பாவை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ராணுவக்காரர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அப்பா குழறலாக "டீக் ஹை, சாப்" என்பார், நன்றாக இருக்கிறேன் சார் என்று இந்தியில். வலி என்று சொல்வது அவர் பழக்கத்திலேயே இல்லை. டாக்டரும் பரவாயில்லை என்று எழுதிவிடுவார். அப்பா இடது கையை இழுத்துக்கொண்டு பல்லைக் கடிப்பதும், ராத்திரி முழுக்கத் தூங்காததும் அம்மாவுக்குத்தான் தெரியும். அதனால் அம்மா ஒரு நோட்டு போட்டார். பி.பி., சர்க்கரை, எவ்வளவு உணவு போனது, மோஷன், தூக்கம், எப்போது வலியில் முகம் சுளித்தார் என்று தமிழில் எழுதி வைக்கிறார். பாலிகிளினிக்கில் இப்போது இருக்கும் மெடிக்கல் ஆபீசர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்கிறார். தோள் வலிக்கு மருந்து மாறியது அப்படித்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கரண்ட் போய், படுக்கைப் புண் வராமல் இருக்கப் போட்டிருந்த ஏர் பெட் (காற்று மெத்தை) நின்றுவிட்டது. எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் போன அதே வாரம். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தலையணைகளை முட்டுக் கொடுத்து அம்மாவும் அண்ணனும் மாறி மாறிப் புரட்டினார்கள். சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் அந்த நாட்களைத் தாண்டியிருக்க முடியாது.

அமெரிக்காவில் 2010-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. படுகாயப்பட்ட முன்னாள் வீரரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்குப் பயிற்சி, மாத உதவித்தொகை, கொஞ்ச நாள் ஓய்வெடுக்க மாற்று ஆள் எல்லாம் அதில் உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் காயமடைந்தவர்களுக்குத்தான் முதலில் முழு உதவி. 2018 சட்டம் அதை விரிவாக்கியது, 2022 அக்டோபரில் எல்லாக் காலத்து வீரர்களுக்கும் வந்துவிட்டது. நம் ஊரில் நிரந்தர உதவியாளர் படி என்று ஒன்று இருக்கிறது. பணியின் காரணமாக நூறு சதவீத ஊனம் ஏற்பட்டு, மருத்துவ போர்டும் பரிந்துரைத்தால் கிடைக்கும். 2017 ஜூலையிலிருந்து மாதம் 6,750 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்துப் பக்கவாதம் வந்த அப்பாவைப் போன்றவர்கள் அதில் வர மாட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வர மாட்டார்கள். இது மாற வேண்டும்.

பிசியோதெரபிக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே ஆள் வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், முன்னாள் ராணுவத்தினர் என்பதால் தடை ஏதும் இல்லை.

மனைவிக்கும் தனி இ.சி.எச்.எஸ். கார்டு உண்டு. அப்பாவின் மருந்து வாங்கப் போகிற அன்றே அம்மாவையும் காட்டிவிடுங்கள். அம்மா ரொம்ப நாள் தன் முழங்காலைக் கவனிக்கவே இல்லை. இப்போது ஆபரேஷன் தேவை என்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து அம்மா எழுந்து நடக்கிற வரை அப்பாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. அந்த சிஸ்டரையே தேடிப் பிடித்து அண்ணிக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். நோட்டையும் இனி அண்ணிதான் எழுதப் போகிறார். அப்பாவின் ஃபைலில் பார்த்துக்கொள்பவர் என்று அண்ணியின் பெயரையும் எழுதி வைக்கும்படி மெடிக்கல் ஆபீசரிடம் கேட்டிருக்கிறேன்.