நோய் இடப்பக்கம், மருந்து வலப்பக்கம்: ஒரு பேரேட்டோடு மூன்று வருடம்

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடத்தில் எனக்கு பார்மகாலஜியில், அதாவது மருந்தியலில், அரியர் விழுந்தது. படிக்காமல் விழவில்லை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, பள்ளத்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தும் விழுந்தது, அதுதான் வலித்தது. காலையில் நோய் எப்படி வருகிறது என்று ஒரு புத்தகம், சாயங்காலம் மருந்துகளின் பட்டியல் என்று இன்னொரு புத்தகம். இரண்டும் எனக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. நர்சிங் கவுன்சிலின் இப்போதைய பாடத்திட்டத்தில் பார்மகாலஜி, பேத்தாலஜி (நோயியல்) இரண்டின் முதல் பாகத்தையும் மூன்றாவது செமஸ்டரிலும், இரண்டாம் பாகத்தை நான்காவதிலும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஏன் அப்படி வைத்தார்கள் என்று நான் யோசித்ததே அரியருக்குப் பிறகுதான்.

எங்கள் ஐயா கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் வாங்கி வைத்து எழுதாமல் விட்ட நீளப் பேரேடு ஒன்று பரணில் கிடந்தது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று கோடு போட்டது. அதை எடுத்து, இடப்பக்கத்தில் நோய் நடக்கிற வரிசையை ஒவ்வொரு படியாகவும், வலப்பக்கத்தில் எந்த மருந்து எந்தப் படியில் கை வைக்கிறதோ அந்தப் படிக்கு நேராகவும் எழுத ஆரம்பித்தேன். வேறு ஒன்றும் இல்லை, முறை இவ்வளவுதான். மூன்று வருடமாக இதே முறையில் படித்து, அரியரை முடித்து, இன்டர்ன்ஷிப்பையும் முடித்து, இப்போது அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கான எம்ஆர்பி தேர்வுக்குப் படிக்கிறேன்.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். ஹார்ட் ஃபெயிலியர். இடப்பக்கம்: இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது, உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அதனால் ஆஞ்சியோடென்சின் 1 உண்டாகிறது, நுரையீரலில் உள்ள ஏசிஇ நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது, உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. இப்போது வலப்பக்கம் பாருங்கள். ஏசிஇ வரிக்கு நேராக எனலாப்ரில், ஆஞ்சியோடென்சின் 2 வரிக்கு நேராக லோசார்டன், ஆல்டோஸ்டிரோனுக்கு நேராக ஸ்பைரோனோலாக்டோன், தங்கிய நீருக்கு நேராக பியூரோசமைடு. நாலு மருந்தையும் நான் மனப்பாடம் செய்யவே இல்லை, அவை நிற்கிற இடம் தெரிந்தது, அவ்வளவுதான். உப்புக்கண்டமும் ஊறுகாயும் வேண்டாம் என்று நோயாளியிடம் ஏன் சொல்கிறோம் என்பதும் அதே வரியில் இருக்கிறது. சாப்பிடுகிற உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே உத்தரவு போயிருக்கிறது.

இந்த முறை பரீட்சைக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது எங்கள் அப்பத்தாவின் இருமல். பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், எனலாப்ரில். அன்று ராத்திரி பேரேட்டில் ஏசிஇ வரியைத் திரும்பப் படித்தேன். அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்ற பொருளை அதுதான் உடைக்கிறது. நொதியை அடைத்தால் பிராடிகைனின் சேர்ந்து தொண்டையை அரிக்கும். அப்பத்தா நம்பவில்லை. "ஏத்தா, பிரஷர் மாத்திரைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றது. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் லோசார்டனுக்கு மாற்றினார், மூன்று வாரத்தில் இருமல் நின்றது. லோசார்டன் ஒரு படி தள்ளி நிற்கிறது, ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டுகிற ஏற்பியைத்தான் அடைக்கிறது, நொதியைத் தொடுவதில்லை. இதற்கு மேல் அந்த வரியை எனக்கு மறக்க முடியாது.

அப்புறம் பொட்டாசியம். பேரேட்டில் எல்லாப் பக்கங்களையும் கோர்க்கிற நூல் இதுதான் என்று சொல்வேன். பியூரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும். இதயத்துக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்து டிஜாக்சின். அது செல்லில் போய் ஒட்டுகிற பம்பில் அதோடு போட்டி போடுவது பொட்டாசியம்தான், ஆகவே ரத்தத்தில் அது குறைந்தால் டிஜாக்சின் அதிகமாக ஒட்டி நஞ்சாகும். வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், நாடி தாறுமாறாகும். டிஜாக்சின் கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் இதற்கு நேர் எதிர், பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிற நோயாளிக்கு, பார்க்க வருகிறவர்கள் பாசமாக வாங்கி வரும் இளநீரைக்கூட யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், அதிலும் பொட்டாசியம் உண்டு.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு ராத்திரி, சர்க்கரை நோயில் ரத்தத்தில் அமிலம் கூடிப்போகிற கீட்டோஅசிடோசிஸ் நோயாளிக்கு இன்சுலின் எடுத்துவைக்கும்போது சீனியர் சிஸ்டர் கேட்டார், "பொட்டாசியம் ரிப்போர்ட் வந்துச்சா?" அமிலம் கூடும்போது பொட்டாசியம் செல்லுக்குள்ளிருந்து ரத்தத்துக்கு வந்துவிடும், அதனால் ரிப்போர்ட்டில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் சிறுநீரில் நிறையப் போயிருக்கும். இன்சுலின் போட்டதும் மிச்சம் இருப்பதும் செல்லுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். ரிப்போர்ட்டிலேயே ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் பொட்டாசியம்தான், இன்சுலின் பிறகு. இதை அவரிடம் தமிழிலேயே சொன்னேன். எனக்குள் அது தமிழில்தான் இருந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எண்களுக்கும் துண்டு துண்டான தகவல்களுக்கும் பேரேடு உதவாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறையும் அளவைச் சொல்லும் ஐஎன்ஆர் பெரும்பாலும் 2 முதல் 3, 40 யூனிட் இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு, ஹெபாரின் அதிகமானால் முறிமருந்து புரோட்டமின், மெக்னீசியம் சல்பேட்டுக்குக் கால்சியம் குளுக்கோனேட், இவையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் நிற்கும். இதற்கு ஆங்கி (Anki) செயலியில் நானே கேள்வி பதில் சீட்டு எழுதிப் போட்டேன், தினம் 20 சீட்டு, காரைக்குடி பஸ்ஸில் போகும்போதே முடிந்துவிடும். ஒரு வருடச் சந்தா கட்டி வாங்கிய வீடியோ வகுப்பு எனக்கு ஒத்துவரவில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, மூடிவைத்துவிட்டு எழுதினால் ஒன்றும் வரவில்லை.

பெயர் முடிவை வைத்துப் படிப்பதிலும் கவனம் வேண்டும். பிரில், சார்டன் இரண்டையும் நம்பலாம். ஆனால் 'சோல்' என்று முடிவதை ஒரே கூட்டமாக எடுத்தால் போச்சு. ஒமிப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு, ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கு, அல்பெண்டசோல் குடல்புழுவுக்கு, மெட்ரோனிடசோல் அமீபாவுக்கு. எனக்கு அரியர் விழுந்த பேப்பரில் நான் குழம்பியதில் இதுவும் ஒன்று.

நேரம் நிறைய எடுக்கும், அதை மறைக்க முடியாது. ஒரு நோய்க்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது, பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆரம்பிக்கிற வேலை இல்லை. செமஸ்டர் தொடங்கும்போதே வாரம் இரண்டு பக்கம் என்று போனால் சரியாக வரும்.

சித்தி மகள் இந்த வருடம் மூன்றாவது செமஸ்டர். "அக்கா, பேரேட்டை ஜெராக்ஸ் போட்டுக்கவா?" என்று கேட்டாள். இடப்பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வலப்பக்கம் அவள் எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்துமா பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள், மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமாலைச் சரியான படிக்கு நேராக எழுதியிருந்தாள், அதற்குக் கீழேயே, பிரஷருக்குக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி, ஏன் கூடாது என்பதையும் இரண்டு வரியில் தானாகவே எழுதியிருந்தாள்.