மாமாவுக்கு 72: பாடும் அட்டையா, ஸ்வர அட்டையா?

ஐப்பசி மழைக்கு நடுவில் மாமாவுக்கு 72 நிறைந்தது. மந்தைவெளியில் இருக்கிறார். மார்கழி வந்தால் வீட்டில் சாப்பாடு கிடையாது, சபா கேன்டீன்தான். அப்படிப்பட்ட மனிதருக்குக் கடையில் வாங்கிய வாழ்த்து அட்டையைக் கொடுக்க மனம் வரவில்லை. கையால் செய்வது என்று முடிவானதும் மூன்று வழி இருந்தது: திறந்தால் பாடும் சிப் அட்டை, திறந்தால் வாத்தியம் எழுந்து நிற்கும் பாப்-அப் அட்டை, ஸ்வரம் எழுதிய சாதா அட்டை. நான் செய்தது மூன்றாவதை. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அழகு, செலவு, நேரம் மூன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எதைச் செய்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 300 ஜிஎஸ்எம் அட்டை வாங்கி, மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் மடிப்பு வெடிக்காது. இது மூன்றுக்கும் பொது.

பாப்-அப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அக்கா பெண்ணுக்காக ஒன்றே ஒன்று செய்திருக்கிறேன். வீணைதான் ஆசை. ஆனால் அதன் நீளமான தண்டி நாலாவது தடவை திறந்தபோதே மடிப்பில் கிழிந்தது. மிருதங்கம் என்றால் கட்டையான உருவம், தாங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. கை பழகியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

சிப் அட்டையில் எனக்கு அனுபவம் உண்டு, வருத்தமும் உண்டு. ரிச்சி தெருவில் யுஎம்66 என்று கேட்டால் டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால் உள்ள ஒரு பொடி சாமான் தருவார்கள். மெட்டு அதற்குள்ளேயே பதிந்திருக்கும். மூன்று வோல்ட் பட்டன் பேட்டரியும் ஒரு பஸ்ஸரும் சேர்த்தால் கீச்சுக் குரலில் பாடும். இரண்டு வருஷத்துக்கு முன் அத்தைக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்தேன். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரே குஷி. அப்புறம் மழைக்காலம் வந்தது. ஈரக்காற்றில் அட்டை லேசாக வளைந்து, மூடினாலும் முழுதாக மூடவில்லை. மூடும்போது பேட்டரியைத் துண்டிக்க வேண்டிய பிளாஸ்டிக் நாக்கு பாதி வழியில் நின்றுவிட்டது. நடுராத்திரி பீரோவுக்குள்ளிருந்து ‘ஹேப்பி பர்த்டே’. மாமா டார்ச் அடித்துக்கொண்டு புடவை அடுக்குகளுக்கு நடுவே தேடியிருக்கிறார்.

விடியும்வரை பாடிவிட்டு பேட்டரி செத்தது. மாற்றலாம் என்றால், அழகுக்காக நான் பின்பக்கத்தை ஒட்டி மூடியிருந்தேன். கிழித்தால்தான் உள்ளே கை போகும். என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்கேதான் இருக்கிறது. பிறந்தநாள் ஒரு நாள். அட்டை அதற்குப் பிறகு பல வருஷம் பீரோவில் கிடக்கும். பேட்டரி உள்ள அட்டை என்றால் யாராவது அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சென்னைக் காற்றில் உலோகத் தொடுப்புகள் பச்சை பிடிக்கும். பேரன் பேத்தி வந்து போகிற வீட்டில் பட்டன் பேட்டரி கழன்று கிடப்பதும் ஆபத்து. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சிப் அட்டைதான் செய்வேன் என்றால் பின்னால் திறக்கிற மாதிரி ஒரு கதவாவது வையுங்கள்.

காகிதத்துக்கும் எதிரி இல்லாமல் இல்லை. மைதா பசை போட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது அதனால்தான். அது விஷம், வீட்டில் வேண்டாம். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை காகிதத்தைச் சுருக்கிவிடும். டபுள் சைட் டேப் போதும். அதன் பிறகு பராமரிப்பு என்று ஒன்றும் இல்லை.

சரி, என்ன எழுதுவது? வயதே வழி காட்டியது. கர்நாடக சங்கீதத்தில் மேளகர்த்தா என்கிற தாய் ராகங்கள் 72, கடைசி ராகம் ரசிகப்ரியா. எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில் ‘ர’ இரண்டு, ‘சி’ ஏழு. திருப்பிப் படித்தால் 72. கச்சேரிப் பைத்தியமான மாமாவுக்கு ரசிகப்ரியா என்ற பெயரை நானே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. மற்றவர்களுக்கும் கணக்கு உண்டு: 29 என்றால் சங்கராபரணம், 60 என்றால் நீதிமதி, 65 என்றால் மேசகல்யாணி. 73 ஆனவர்களுக்கு மறுபடி கனகாங்கியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்தது ஸ்வராட்சரம், அதாவது பாட்டின் எழுத்தும் ஸ்வரத்தின் பெயரும் ஒன்றாக வருவது. ‘மாமா’ என்பதே இரண்டு மத்யமம், அதாவது ‘ம’ ஸ்வரம். நெடிலுக்கு இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), ‘;’ போட்டால் இன்னும் இரண்டு அட்சரம் நீட்டல் என்று வைத்து, எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று போட்டேன்:

மா மா | நீ | பா ||
தா ; | ; | ; ||

மாமா, நீ பா தா. ஒரு பாட்டுக் கொடு என்று அர்த்தம். நேரில் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன். ஏழு ஸ்வரத்தில் ‘நீங்க’வுக்கு இடம் இல்லை.

சினிமாப் பாட்டு மட்டும் கேட்கும் சித்தப்பாவுக்கு இது எடுபடுமா என்றால், சந்தேகம்தான். சங்கீதம் தெரிந்தவரிடம் வேறு சிக்கல். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் சொன்னது, “விவாதி ராகத்துல போய் தைவதத்துல எட்டு அட்சரம் நிக்க வெச்சிருக்கியேடா!” பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் உரசுகிற ராகம்தான் விவாதி; ரசிகப்ரியாவும் அதில் ஒன்று. அதில் வரும் ‘தா’, அதாவது ஷட்ச்ருதி தைவதம், அப்படி இழுத்துக்கொண்டு நிற்கிற இடம் இல்லையாம். எனக்குத் தெரியாது, இரண்டு வருஷம் சரளி வரிசை படித்ததோடு சரி.

அப்புறம் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நிஷாதத்துக்குக் கீழ புள்ளி. மந்த்ரமா?” ‘நீ’ கீழ் ஸ்தாயியா என்று கேட்கிறார்.

அது பேனாவிலிருந்து சொட்டிய மை.

“ஆமா மாமா,” என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி, மத்யமத்திலிருந்து விறுவிறுவென்று கீழே இறங்கி அந்த நிஷாதத்தைப் பிடித்தார்.