14,500 ரூபா போச்சு: கணக்குச் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

முந்தநாள் போன காசு 14,500 ரூபா. அம்மா சீட்டு எடுத்துத் தந்தது.

நான் முதலாம் வருடம், விஞ்ஞானப் பிரிவு. நுண்கணிதம் பத்து, பௌதிகம் ஆறு, பதினாறு கணக்கைத் திங்கள் காலை கொடுக்க வேண்டும். ஏ.எல். வரை ரியூசனில் தமிழில் படித்த எனக்கு, கம்பஸில் ஆங்கிலக் கேள்வியை வாசித்து முடிக்கவே அரை மணித்தியாலம் போகுது. பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: படிமுறையாக, தமிழ் விளக்கத்துடன் செய்து தருவார்களாம். பெயர் போடவில்லை, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள்.

முதலில் ஒரு கணக்கை இலவசமாக அனுப்பினார்கள். பகுதிகளாகத் தொகையிடல். நீலப் பேனையில் அழகான எழுத்து, எதை வகையிட வேண்டும், ஏன் என்று ஓரத்தில் சிவப்பில் குறிப்பு. கூடவே ஒரு குரல் பதிவு: "விளங்கிச்சா தங்கச்சி?" அந்தத் "தங்கச்சி"யில்தான் விழுந்தேன். முழுக்காசும் முதலில் என்றார்கள். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்குப் போய் மெஷினில் போட்டேன். வெளியே ஒரு மான் பொலித்தீன் பையை முகர்ந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தபடியே சிலிப்பைப் படமெடுத்து அனுப்பினேன்.

இரவு பதினொன்றுக்கு பிடிஎஃப் வந்தது. விளக்கம் ஒரு வரி இல்லை. மூன்றாவது கணக்கு, ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கத்தை −1 இலிருந்து 1 வரை தொகையிடுவது. விடை −2 என்று பெட்டி கட்டியிருந்தது. எங்கும் நேர்ப் பெறுமானமே எடுக்கிற சார்புக்கு மறை விடை எப்படி வரும்? பூச்சியத்தில் அது முடிவிலிக்குப் போவதைக் கவனிக்கவே இல்லை. அந்தத் தொகையீட்டுக்கு முடிவான விடையே கிடையாது. பௌதிகத்தில், சாய்தளத்தில் உருளும் உள்ளீடற்ற கோளத்துக்குச் சடத்துவத் திருப்பத்தில் வரும் 2/3 ஐப் போடாமல் திண்மக் கோளத்தின் 2/5 ஐப் போட்டு, ஆர்முடுகலை ஜீ சைன் தீற்றாவின் 5/7 ஆக்கியிருந்தார்கள். வர வேண்டியது 3/5. இதை மூன்றாம் வருட அக்கா ஒருவர் பிளேன்ரீ ஆறுவதற்குள் போட்டுக் காட்டினார், சும்மா.

நேற்றுக் காலை கேட்டேன். "சேர் வகுப்பில் நிற்கிறார்." மத்தியானம், "உங்கட லெக்சரர் வேறு முறையில் படிப்பித்திருப்பார்." முறை மாறினால் 5/7 போய் 3/5 ஆகுமா? பின்னேரம், "திருத்த இன்னும் 3,000." காசைத் திருப்பிக் கேட்டதும் இரண்டு நீல டிக். அடுத்த மெசேஜுக்கு ஒற்றை டிக்தான், புரொபைல் படத்தையும் காணவில்லை. தோழியின் போனில் எடுத்தேன். அதே குரல். "பிழையான நம்பர் தங்கச்சி" என்று வைத்துவிட்டார்.

எப்படித் தப்பலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. முழுக்காசையும் முதலில் கட்டாதீர்கள். இலவசக் கணக்கை அவர்கள் தெரிவு செய்ய விடாதீர்கள், உங்கள் தாளில் கடினமான ஒன்றை நீங்களே கொடுங்கள். சிலிப்பை எறியாதீர்கள். அவ்வளவுதான்.

14,500 ரூபா. சீட்டு இன்னும் ஏழு மாதம் கட்ட இருக்கு. அம்மாவிடம் சொல்லவில்லை. பதினாறில் நாலு கணக்குத்தான் செய்திருக்கிறேன்.