பேட்டிங் பயிற்சி என்று சொல்லி வெறும் நிற்கும் கோலத்தை விற்பவர்கள்: பெற்றோருக்கும் அணிப் பொறுப்பாளர்களுக்கும் ஓர் எச்சரிக்கை

பேஸ்பால் ஆடும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பேட்டிங் பயிற்சியாளரை அமர்த்த நினைக்கும் பெற்றோரும் அணிப் பொறுப்பாளர்களும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் பொறுப்பேற்று நடத்தும் இளையோர் அணிக்கு, நிற்கும் நிலையையும் எடை மாற்றத்தையும் அறிவியல் முறைப்படி சீர்செய்து தருவதாக வாக்களித்து வந்த ஒருவர், ஒரு பருவத்துக்கான முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டார். பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்த இயல்பான வீச்சையும் கெடுத்துவிட்டுப் போனார். அவருடைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை விவரமாகச் சொன்னால், அதே வழியில் வேறு யார் வந்தாலும் உங்களால் அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

முதல் நாள் அவர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒரே நிலையில் நிற்க வைத்தார். கால்கள் தோள் அகலத்தைவிட நன்றாக விரிந்திருக்க வேண்டும், எடையில் பெரும்பங்கு பின்காலில் (பந்து வீசும் பிட்சருக்குத் தொலைவாக உள்ள காலில்) இருக்க வேண்டும், பின்முழங்கை தோள் உயரத்துக்கு எழுந்திருக்க வேண்டும், பேட் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. நெடுநெடுவென்று வளர்ந்த பையனுக்கும், அணியிலேயே குள்ளமான சிறுமிக்கும் அதே நிலைதான். ஏன் என்று கேட்டதற்கு, பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்கிறார்கள் என்று பதில் சொன்னார்.

இது உண்மையல்ல. ஸ்டான் மியூசியல் கால்களை நெருக்கி வைத்து, உடலைக் குறுக்கி, தோளுக்கு மேலாகப் பிட்சரை எட்டிப் பார்த்தபடி நின்றவர். அப்படி நின்றே அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான தேசிய லீகின் பேட்டிங் சராசரிப் பட்டத்தை ஏழு முறை வென்றார். ஜெஃப் பேக்வெல் கால்களை மிக அகலமாக விரித்துத் தாழ்ந்து நின்று 449 ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றிவரும் அடிகள்) அடித்தார். கென் கிரிஃபி ஜூனியர் நிமிர்ந்து, தளர்வாக நின்று 630 அடித்தார். ஜப்பானின் சதஹாரு ஓ முன்காலைத் தூக்கி ஒற்றைக்காலில் காத்து நிற்கும் முறையை 1962இல் கைக்கொண்டார். அவருடைய கணக்கு 868 ஹோம் ரன்கள். ஷோஹேய் ஓஹ்தானி 2018இல் அமெரிக்காவில் தம் முதல் பருவம் தொடங்கவிருந்த வேளையில், காலைத் தூக்கும் பழக்கத்தையே கைவிட்டு முன்காலின் அசைவைச் சுருக்கிக்கொண்டார். இவர்களில் எந்த இருவரும் ஒரே மாதிரி நிற்கவில்லை. நிற்கும் நிலையில் ‘ஒரே சரியான வடிவம்’ இருப்பதாக ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் ஆட்டத்தைக் கவனித்துப் பார்க்கவில்லை, அல்லது உங்களுக்கு எளிதாக விற்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்துகொண்டிருக்கிறார். நிற்கும் நிலை புகைப்படத்தில் பதியும்; முதல் நாளே மாறிவிடும்; பெற்றோருக்கும் ஏதோ நடந்திருப்பதாகத் தோன்றும்.

இத்தனை விதமாக நிற்பவர்களும் ஒன்றுபடும் இடம் வேறு. முன்பாதம் தரையில் பதியும் அந்தக் கணத்தில்தான் அவர்கள் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குச் சற்று முன்பு எடை பின்காலின் உட்புறத்தில் சேர்ந்திருக்கும். பின்முழங்கால் பாதத்துக்கு வெளியே சரிந்திருக்காது. பிறகு உடல் பிட்சரை நோக்கி மெல்ல நகரும்போது கைகள் அதனுடன் நகராமல் பின்னாலேயே தங்கும். முன்பாதம் பதிந்ததும் இடுப்பு முதலில் திரும்பத் தொடங்கும், தோள்கள் ஒரு நொடியின் சிறு பங்கு பின்தங்கித் தொடரும். முன்கால் விறைத்து நின்று, முன்னோக்கி வந்த வேகத்தைத் தடுத்துச் சுழற்சியாக மாற்றும். பந்தைத் தொடும் வேளையில் முன்பாதத்தின் கீழ் தரை தாங்கும் விசை ஆட்டக்காரரின் உடல் எடையையே மிஞ்சக்கூடும். தலை மட்டும் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். எடை மாற்றத்தைக் கற்பிப்பது என்றால் இந்த வரிசையையும் இதன் நேரத்தையும் கற்பிப்பதுதான். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும், பிள்ளைக்குப் பிள்ளை வழியும் மாறும்.

அவர் இதில் எதையும் தொடவில்லை. எடை மாற்றம் என்ற பெயரில் அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு கட்டளை: காலடியில் கிடக்கும் பூச்சியை நசுக்குவதுபோல் பின்பாதத்தைத் தரையில் அழுத்தித் திருக வேண்டும். பழைய பயிற்சியாளர்கள் பலர் சொல்லிவந்த குறிப்புதான் இது; சும்மா நின்று கையை மட்டும் வீசும் குழந்தைக்கு இடுப்பைத் திருப்பப் பழக்குவதற்கு ஓரளவு உதவவும் செய்யும். ஆனால் அதையே இறுதிப் பாடமாக ஆக்கினால், எடை பின்காலிலேயே தங்கிவிடும். வலுவாக அடிப்பவர்களின் வீச்சை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்தைத் தொடும் நேரத்தில் அவர்களின் பின்பாதம் விரல்நுனியில் இலேசாக நிற்கும். சிலருக்குத் தரையை விட்டே எழுந்துவிடும். அழுத்தித் திருகுவதற்கு அங்கே எடையே இருக்காது.

பேட்டர் நின்று அடிப்பதற்காகக் கோடிட்டு வைத்த பேட்டர் பெட்டியின் மண்ணே இதைக் காட்டிக் கொடுத்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தொடர்ந்து வீசிவிட்டு விலகியதும் குனிந்து பார்த்தேன். பின்கால் நின்ற இடத்தில் ஷூவின் ஆணிகள் வட்டமாகக் குடைந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருந்தது. முன்கால் பதிந்த இடத்தில் மண் கலையவே இல்லை. பாதத்தின் வெளி ஓரம் மட்டும் மெலிந்த கோடாகத் தெரிந்தது. எடை முன்காலுக்கு வந்து சேர்ந்திருந்தால் முன்பாதத்தின் தடம் ஆழமாக இருந்திருக்க வேண்டும். பின்பாதத்தின் தடம் முன்னோக்கி இழுபட்ட சிறு கீறலாக இருந்திருக்க வேண்டும். ஆணி பதிந்த பாதத்தின் மேல் முழு எடையையும் வைத்துத் திருகியதால் அந்தப் பையனுக்குப் பின்முழங்காலின் உட்புறத்தில் வலி வந்தது. பயிற்சியாளரிடம் சொன்னபோது, தசை பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று தட்டிக் கழித்தார். வளரும் பிள்ளைக்கு மூட்டில் வலி என்றால் பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன்.

இன்னொன்றும் கவனித்தேன். எடையைப் பின்காலில் நிறுத்தச் சொன்ன அதே மனிதர், பந்தைத் தொட்டபின் மேல்கையை (பேட்டின் பிடியில் மேலாக இருக்கும் கையை) பேட்டிலிருந்து விட்டுவிட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மேல்கையை விடும் முடிப்பு, கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியில் ஜார்ஜ் பிரெட்டுக்குப் பயிற்சியளித்த சார்லி லாவின் முறையோடு சேர்த்துப் பேசப்படுவது. பிரெட் 1980இல் .390 சராசரியை, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 390 வெற்றி அடிகள் என்ற விகிதத்தை, எட்டியவர். லாவின் போதனையின் உயிர்நாடியே எடை பின்காலிலிருந்து முன்காலுக்குத் தெளிவாகச் செல்ல வேண்டும் என்பதுதான். மறுபக்கம், 1941இல் .406 அடித்த டெட் வில்லியம்ஸ் இடுப்புச் சுழற்சியை முதன்மையாக வைத்து, பந்து வரும் சரிவுக்கு ஏற்பச் சற்று மேல்நோக்கிய வீச்சை வலியுறுத்தினார். இந்த இரு தரப்புக்கும் இடையிலான விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இரண்டிலும் ஆழ்ந்த காரணங்கள் உண்டு. ஒருவர் இதில் எந்தப் பக்கம் நின்றாலும் மதிக்கலாம். ஒன்றிலிருந்து தொடக்கத்தையும் மற்றொன்றிலிருந்து முடிவையும் கிள்ளியெடுத்து ஒட்டிவைத்து, அதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்வதை மதிக்க முடியாது.

பயிற்சி முழுவதும் டீ எனப்படும் பந்துத் தாங்கியின்மேல் வைத்த பந்தை அடிப்பதாகவே நடந்தது. பந்துத் தாங்கி நல்ல கருவிதான். பெரிய ஆட்டக்காரர்களும் அன்றாடம் அதில் பயில்கிறார்கள். ஆனால் அசையாத பந்துக்கு எந்த நேரத்திலும் எடையை மாற்றலாம். ஆட்டத்தில் பிட்சர் நின்று வீசும் தட்டுக்கும் பேட்டரின் அருகே உள்ள ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி எடுக்கும். இளையோர் ஆட்டத்தில் தூரமும் குறைவு, வேகமும் குறைவு என்பதால் கிடைக்கும் அவகாசம் பெரிதாக மாறுவதில்லை. அதே கைவீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப் பந்துக்கு, முன்பாதம் பதிந்த பிறகும் கைகளைப் பின்னால் நிறுத்தி ஒரு கணம் காத்திருக்கத் தெரிய வேண்டும். எடை மாற்றம் சரியாகக் கைவந்திருக்கிறதா என்பது தெரியும் இடம் அதுதான். பிட்சரை நிறுத்தி வேகத்தை மாற்றி வீசச் செய்யலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், அடித்தளம் இன்னும் இறுகவில்லை என்று தள்ளிப்போட்டார்.

பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே விளைவு தெரிந்தது. எதிரணிப் பிட்சர் வேகமான வீச்சை விரித்துக் காட்டி மெதுவான பந்தைப் போட, எங்கள் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக முன்னால் சாய்ந்து வெறும் காற்றை வீசினார்கள். பந்து பட்டபோதும் உருண்டோடும் வலுவற்ற அடியாகவே போனது. அதைவிட வருத்தமான ஒன்றும் நடந்தது. பெட்டியின் முன்கோட்டை ஒட்டி நின்று நீண்ட அடி எடுத்துவைக்கும்படி அவர் பழக்கியிருந்ததால், ஒரு சிறுமியின் முன்பாதம் முழுவதும் கோட்டுக்கு வெளியே பதிந்த நிலையில் பந்து பேட்டில் பட்டது. அழகாகப் பறந்த பந்து. நடுவர் அவளை அவுட் என்று அறிவித்தார். பாதம் முழுமையாகப் பெட்டிக்கு வெளியே தரையில் இருக்கும்போது பந்தைத் தொட்டால் பேட்டர் அவுட் என்பது விதி. அதைப் பயிற்சியாளர் அறியாமல் இருந்தார் என்பதை, அவர் நடுவரிடம் போய் வாதிட்டபோதுதான் நான் புரிந்துகொண்டேன்.

இதுவரை சொன்னவற்றைத் திறமைக் குறைவு என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அடுத்து வருவதற்கு அந்தச் சமாதானம் செல்லாது. தம் முறையால் பந்தின் வேகம் கூடும் என்று வாக்களித்திருந்த அவர், முதல் நாள் வேகமானி வைத்து ஒவ்வொரு பிள்ளையின் அடியையும் அளந்து எழுதிக்கொண்டார். அன்று எல்லோர் கையிலும் கனமான மரபேட்டைக் கொடுத்தார். இறுதி அளவீட்டின்போது தாமே கொண்டுவந்த இலகுவான அலுமினிய பேட்டைக் கொடுத்தார். உட்புறம் குழலாக உள்ள பேட்டின் மெல்லிய சுவர் பந்து படும்போது உள்வாங்கித் துள்ளி, பந்தைக் கூடுதல் வேகத்தில் அனுப்பும். எடை குறைந்தால் பிள்ளையின் கையும் விரைந்து வீசும். இந்தத் துள்ளலைக் கட்டுப்படுத்துவதற்காகவே அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 2011இலும், உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 2012இலும் உலோக பேட்டுகளுக்குப் புதிய தரக்கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பேட்டை மாற்றியதால் கூடிய எண்ணைத் தம் பயிற்சியின் பலன் என்று அச்சடித்துப் பெற்றோர் கையில் கொடுத்தார். சில பெற்றோர் அதை நம்பி அடுத்த பருவத்துக்கும் முன்பணம் கட்டினார்கள்.

‘முன்பும் பின்பும்’ என்று அவர் காட்டும் வீடியோக்களும் இப்படித்தான். முந்தைய வீடியோ வேகமாக வந்த பந்துக்கு எதிரே எடுத்தது, பிந்தையது பந்துத் தாங்கியில் எடுத்தது. முன்னதைப் பின்புறத்திலிருந்தும், பின்னதைப் பக்கவாட்டிலிருந்தும் படம் பிடித்திருந்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் இடுப்பின் நகர்வு தெரியும் என்பதால், முதல் வீடியோவில் அது இல்லாததுபோலவே தோன்றும்.

இவற்றையெல்லாம் எழுதிக் காட்டி, நடக்காத வகுப்புகளுக்கான தொகையையாவது திருப்பித் தருமாறு கேட்டோம். பிள்ளைகள் வீட்டில் பயிலவில்லை என்று முதலில் பழிபோட்டார். பிறகு, கட்டணம் எக்காரணத்தாலும் திரும்பாது என்று பதிவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. தொகை இன்றுவரை வரவில்லை. பிள்ளைகள் இழந்த நம்பிக்கையை மீட்டெடுப்பது அதைவிடக் கடினமாக இருக்கிறது. முன்பெல்லாம் பந்தை மட்டும் பார்த்து ஆடிய பையன், இப்போது பெட்டிக்குள் வந்ததும் தன் முழங்கையையும் பாதத்தையும் குனிந்து பார்க்கிறான். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை. அவனுக்கு இப்போது நாங்கள் நிற்கும் நிலையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. வசதியாக நின்றுகொள்ளச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பந்தைத் தூக்கிப்போட்டு, முன்பாதம் பதிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, அதன்பின் அடிக்கவைக்கிறோம். சிறிது சிறிதாகக் கைகள் பின்னால் தங்கத் தொடங்கியிருக்கின்றன.

நீங்கள் ஒருவரை அமர்த்துவதாக இருந்தால், முதலில் அவர் பயிற்றுவித்த ஆட்டக்காரர் ஒருவர் வேகம் மாறி மாறி வரும் பந்துகளுக்கு எதிரே ஆடுவதை நேரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் உடல்வாகைப் பார்த்து நிற்கும் நிலையை எப்படி மாற்றுவார், எதை மாற்றாமல் விடுவார் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் மாற்றாமல் விடுவதைப் பற்றித்தான் முதலில் பேசுவார். கட்டணத்தை மாதந்தோறும் தருவதாகச் சொல்லுங்கள். வீடியோவை நீங்களே ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் நின்று, பக்கவாட்டிலிருந்து எடுத்து வையுங்கள். வேகத்தை அளக்கப் போகிறேன் என்று அவர் சொன்னால், உங்கள் பிள்ளையின் சொந்த பேட்டைக் கொடுத்து, அதன் நீளத்தையும் எடையையும் அளவீட்டுத் தாளிலேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி அளவீட்டுக்கும் அதே பேட்டையே கொண்டுபோங்கள்.