பொமரேனியனா, ஷிட்ஸுவா? முடியைப் பார்த்து முடிவெடுங்கள்

வீட்டுக்குள் வளர்க்கச் சின்ன நாயாக ஒன்று வேண்டும் என்று தேடியபோது கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: பொமரேனியன், ஷிட்ஸு. நாங்கள் பொமரேனியனைக் கொண்டுவந்து நான்கு வருடம் ஆகிறது. அக்கா வீட்டில் ஷிட்ஸு. அவள் வெளியூர் போகும்போதெல்லாம் அது எங்களிடம்தான் இருக்கும். ஷிட்ஸுவை நான் பார்த்துக்கொண்டது அந்த நாட்களில் மட்டுமே, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

பொமரேனியன் சுமார் 1.5 முதல் 3 கிலோ வரை இருக்கும், ஷிட்ஸு 4 முதல் 7 கிலோ வரை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டுமே 12 வருடத்துக்கு மேல் கூட இருக்கும். அழைப்புமணி அடித்தால் பொமரேனியன் குரைக்காமல் விடாது. ஷிட்ஸு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். சத்தம் ஆகாத வீடென்றால் ஷிட்ஸுவே சரி.

என்னைத் தீர்மானிக்க வைத்தது முடி. ஷிட்ஸுவின் முடி அவ்வளவாக உதிராது, ஆனால் வளர்ந்துகொண்டே போகும். நீளமாக விட்டால் தினமும் வார வேண்டும். இல்லையென்றால் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. பொமரேனியனுக்கு இரட்டை அடுக்கு: உள்ளே பஞ்சு போன்ற மென்முடி, மேலே சொரசொரப்பான நீள முடி. உதிரும், சோபாவெல்லாம் ஒட்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் வளராது. பாதத்திலும் பின்பக்கமும் லேசாகத் திருத்திவிட்டால் போதும், மற்றதெல்லாம் சீப்பு வேலைதான்.

அந்தச் சீப்பு வேலையை முறையாகச் செய்ய வேண்டும். முதல் வருடம் நான் மேலாகவே வாரிக்கொண்டிருந்தேன், பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஒருநாள் காதுக்குப் பின்னால் தடவினால் விரலில் கட்டியாக ஏதோ தட்டியது. தோலோடு ஒட்டிய சிக்கு. தொட்டாலே கத்தியது, பாவம். இப்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, முடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி வாருவேன். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை, இந்த மூன்று இடத்திலும்தான் சிக்கு பிடிக்கும். வாரத்துக்கு மூன்று நாள், அரைமணி நேரம். முடி கொட்டும் பருவத்தில் மட்டும் தினமும்.

வெயில் காலத்தில் பாவமாக இருக்கிறதே என்று மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த அடுக்குதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி வராது, வந்தாலும் திட்டுத்திட்டாக வரும். குட்டிக்கு நான்காம் மாதத்துக்கு மேல் பிறந்த முடி கொட்டி, உடம்பு மெலிந்தாற்போல் தெரியும். அது இயல்புதான். ஆனால் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ சொறிந்துகொண்டே இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஷிட்ஸுவுக்குத் தட்டை மூக்கு, வெப்பத்தில் மூச்சு வாங்கும். கண் பெரிதாக வெளியே தெரிவதால் முடி குத்திப் புண்ணாகும் வாய்ப்பும் அதிகம், தினமும் துடைத்துவிட வேண்டும். பொமரேனியனுக்குத் தொல்லை மூச்சுக்குழாயிலும் முட்டிச் சில்லிலும். கழுத்தில் பெல்ட் போட்டு இழுக்காதீர்கள், மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸே நல்லது. பற்களும் சீக்கிரம் கெடும், தினமும் துலக்கிவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், தவழும் வயதிலோ நடை பழகும் வயதிலோ குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் பொமரேனியனைச் சொல்ல மாட்டேன். குழந்தை கையிலிருந்து நழுவினாலே அதன் மெல்லிய முன்னங்கால் எலும்பு முறியலாம். எங்கள் பையனுக்கு அப்போது ஏழு வயது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மடியில் எடுக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம், இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறான்.